நாரைக்கும் ஒரு கரை

(காஞ்சிபுரத்தில் நெசவாளர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நெசவாளப் பெரியவர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு பொழுது தறி நின்றால் அது யார் கணக்கில் குறையும் என்பது எனக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

காட்டுயிர்களைக் காப்பாற்றக் கலைஞர்களும் அறிவியலாளர்களும் கைகோக்க வேண்டும் என்று எல்லா மேடையிலும் பேசுகிறோம். கைகோத்து என்ன நடந்தது என்று பார்த்தால், பல இடங்களில் ஒரு சுவரொட்டியும் ஒரு ஓவியப் போட்டியும்தான் மிஞ்சியிருக்கின்றன. உண்மையில் பலன் கிடைத்த இடங்களைக் கவனித்தேன். அங்கெல்லாம் இரண்டு காரியங்கள் நடந்திருக்கின்றன. கைவேலை செய்தவருக்குக் கூலியும் பெயரும் கிடைத்திருக்கின்றன. அறிவியலாளர் கண்ட உண்மைக்கு அந்தக் கைவேலை கட்டுப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட இரண்டு இடங்களைச் சொல்லிவிட்டு நம் ஊருக்கு வருகிறேன்.

முதல் இடம் அசாம். உங்களைப் போலவே தறியோடு பிறந்து வளர்ந்த ஊர்கள் அங்கே ஏராளம். குவாஹாட்டிக்குப் பக்கத்தில் காம்ரூப் மாவட்டத்தில் தாதரா, பசாரியா, சிங்கிமாரி என்று சில கிராமங்கள். அந்த ஊர் மரங்களில் ஹர்கிலா என்னும் பெருநாரை கூடு கட்டும். நின்றால் கிட்டத்தட்ட ஐந்தடி உயரம். தலையில் முடி கிடையாது, கழுத்தில் ஒரு பை தொங்கும். குப்பைமேட்டில் செத்ததைத் தின்னும். குஞ்சுக்குக் கொண்டுவருகிற எலும்பும் அழுகிய இறைச்சியும் வீட்டு முற்றத்தில் விழும். எச்சம் நாறும். வீட்டுக்கு ஆகாத பறவை என்று ஊரார் வெறுத்தார்கள், கூடு இருக்கும் மரத்தை வெட்டினார்கள். வெட்டியவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நம் வீட்டு வாசலில் தினமும் அழுகிய எலும்பு விழுந்தால் நாம் என்ன செய்வோம்?

2007ஆம் ஆண்டு பூர்ணிமா தேவி பர்மன் என்ற உயிரியலாளர் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக அந்த ஊர்களில் ஒன்றில் இருந்தபோது, கூடுகள் இருந்த ஒரு மரத்தை ஒருவர் வெட்டிச் சாய்த்தார். ஒன்பது குஞ்சுகள் கீழே விழுந்தன. ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டதற்கு ஊரார் அவரைச் சுற்றி நின்று கேலி செய்தார்கள். ஆய்வை ஒத்திவைத்துவிட்டு அவர் அந்த ஊர்ப் பெண்களிடம் போனார். சமையல் போட்டி நடத்தினார். ஹர்கிலா முட்டையிடும் காலத்தில் அதற்கு வளைகாப்பு போலச் சடங்கு நடத்தினார். பிறகுதான் தறிக்கு வந்தார். பெண்களுக்குத் தறியும் நூலும் கிடைக்க ஏற்பாடு செய்தார். அவர்கள் கமோசா என்னும் துண்டிலும் சேலையிலும் மேகலா சாதர் என்னும் உடையிலும் ஹர்கிலாவை நெய்தார்கள். நெய்ததை விற்றார்கள். வீட்டுக்குப் பணம் வந்தது.

இதில் நெசவு என்ன வேலை செய்தது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். துணியில் பறவைப் படத்தைப் பார்த்து யாரோ மனம் இரங்கினார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒரு பறவையை நெய்ய வேண்டுமென்றால் அதை உற்றுப் பார்க்க வேண்டும். அலகு எவ்வளவு நீளம், கழுத்துப் பை எங்கே தொங்குகிறது, நிற்கும்போது தோள் எப்படிக் கூனுகிறது என்று கண்ணுக்குள் வாங்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு போன ஒரு பறவையை அந்தப் பெண்கள் முதன்முறையாக முழுசாகப் பார்த்தது தறிக்காகத்தான் என்று நினைக்கிறேன். தங்கள் கையால் நெய்த பறவை இருக்கும் மரத்தை யாராவது வெட்ட வந்தால் அந்தப் பெண்களே கேள்வி கேட்பார்கள். ‘ஹர்கிலா படை’ என்று பெயர் வைத்துக்கொண்ட அந்தப் பெண்கள் இன்று 10,000 பேருக்கு மேல். அந்தக் கிராமங்களில் 28 ஆக இருந்த கூடுகள் 250ஐத் தாண்டின. உலக அளவில் அழியும் நிலையில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்டிருந்த அந்தப் பறவையை 2023இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஆபத்து குறைந்த பிரிவுக்கு மாற்றியது. 2022இல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு பூர்ணிமா தேவிக்கு அதன் உயரிய விருதைக் கொடுத்தது.

இரண்டாவது இடம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. நீலகிரி மாவட்டம் கூடலூர். தேயிலைத் தோட்டமும் குடியிருப்பும் காடும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஊர். யானைகள் அந்த வழியாகத்தான் நடக்கின்றன. காட்டுக்குள்ளோ உண்ணிச்செடி அடர்ந்து கிடக்கிறது. அழகுச்செடி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று இந்தியாவில் புலிகள் வாழும் காட்டுப் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்குமேல் அது பரவியிருக்கிறது என்று 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அது மூடிய இடத்தில் புல் வளராது. புல் இல்லாத இடத்தில் மானும் யானையும் என்ன தின்னும்?

கூடலூரில் தார்ஷ் தேக்கேகரா யானைகளை ஆராய்பவர். ஒவ்வொரு யானையையும் தனித்தனியாக அடையாளம் கண்டு, அது எந்த வழியாகப் போகிறது, மனிதர்களை எப்படி எதிர்கொள்கிறது என்று பதிவு செய்பவர். ஷுப்ரா நாயர் ஓவியர், வடிவமைப்பாளர். இந்த இருவரும் பெட்டகுரும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகிய பழங்குடிக் கைவினைஞர்களோடு சேர்ந்து உண்ணிச்செடியிலிருந்தே உண்மையான யானையின் அளவிலேயே யானைகளைச் செய்தார்கள். காட்டிலிருந்து உண்ணித் தண்டுகளை வெட்டிக்கொண்டு வந்து வெந்நீரில் வேகவைப்பார்கள். வெந்து இளகியதும் பட்டையை உரிப்பார்கள். யானை வடிவில் வளைத்த இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் தண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வளைத்துப் பொருத்துவார்கள். யானையின் தோல் மடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் தண்டு ஓட வேண்டும்.

அந்த மந்தையில் ஒன்றுகூடக் கற்பனை யானை கிடையாது. கூடலூர்ப் பக்கம் நடமாடும் ஏதோ ஒரு உண்மையான யானையின் சாயலில்தான் ஒவ்வொன்றும் செய்யப்பட்டது. அதன் காது மடிப்பு, தந்தத்தின் வளைவு, முதுகின் மேடு எல்லாம் ஆய்வாளரின் பதிவிலிருந்து வந்தவை. அதை நாள்தோறும் நேரில் பார்த்துப் பழகிய கைவினைஞரின் நினைவிலிருந்தும் வந்தவை. 2021இல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் 100 யானைகள் அமெரிக்காவில் நியூபோர்ட்டில் தொடங்கி, நியூயார்க் உள்ளிட்ட நகரங்கள் வழியாகப் போயின. விற்ற பணம் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ வழிசெய்யும் அமைப்புகளுக்குப் போனது. கைவினைஞர்கள் 200 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். காட்டிலிருந்து உண்ணிச்செடியும் வெளியேறியது. நீலகிரி மலையடிவாரத்துப் பழங்குடியின் கைவேலையைப் பார்க்க நியூயார்க்கின் மன்ஹாட்டன் தெருவில் ஜனங்கள் கூடி நின்றார்கள் என்பது எனக்குப் பெருமைதான். ஆனாலும் அதைவிடப் பெரிய விஷயம், ஒரு ஆய்வாளரின் குறிப்பேட்டில் இருந்த யானைக்கு ஊரறிந்த முகம் கிடைத்தது.

உயிரினத்தைக் கூர்ந்து பார்த்துக் கைவேலையில் கொண்டுவரும் இந்த வழக்கம் நமக்குப் புதியது என்று நினைக்க வேண்டாம். மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்துக்குப் போனால், எல்லோரும் யானைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கித் தன் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கும். மான் அப்படித்தான் சொறியும். நேரில் பார்க்காமல் எந்தச் சிற்பியாலும் அதைச் செதுக்க முடியாது. பல்லவச் சிற்பிக்கு விலங்கியல் பட்டம் இல்லை. கண் இருந்தது, பொறுமை இருந்தது.

பிறகு வெள்ளைக்காரர் காலம். ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னை மாகாணத்தில் இருந்துகொண்டு தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்தார். 1838 தொடங்கிப் பல பாகங்களாக வெளியிட்ட தாவரப் படநூலுக்கு ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள் வரைந்தார்கள். பூவின் உள்ளே மகரந்தப் பை எத்தனை, சூலறை எப்படிப் பிரிகிறது என்று வெட்டிப் பார்த்து வரைந்த படங்கள் அவை. வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். நம்மவர் பலர் பெயர் தெரியாமல் மறைந்துபோன காலத்தில் அது பெரிய மரியாதை.

இந்த வரிசையில் அடுத்து வரும் மா. கிருஷ்ணனை மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தவர். அங்கே பேராசிரியராக இருந்த ஃபைசனோடு மலைகளுக்குப் போனார். ஃபைசனின் மனைவி டயானா தாவரங்களை வரைந்தவர், அவரிடமிருந்து நீர்வண்ணம் கற்றுக்கொண்டார். ஓவியர், புகைப்படக்காரர், எழுத்தாளர், கள ஆய்வாளர் நான்கு பேரும் அவர் ஒருவருக்குள் இருந்தார்கள். 1950 முதல் 1996இல் காலமாகும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். தமிழிலும் எழுதினார். படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள்.

இப்போது நம் ஊர். காஞ்சிபுரத்தில் விலங்குக்கும் பறவைக்கும் என்ன குறை? பிரம்மோற்சவத்தில் அம்சம், யாளி, கருடன், யானை, குதிரை எல்லாம் வாகனமாக வீதி வருகின்றன. வரதர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துத் தூண்களில் குதிரை வீரர்கள் பாய்கிறார்கள். சேலையிலோ அன்னப்பட்சி, இருதலைப்பட்சி, மயில், கிளி, யாளி, யானை. மயில்கண், குயில்கண் என்று கண்ணை மட்டும் எடுத்து நெய்கிற நுட்பம் வேறு எந்த ஊரில் உண்டு? இந்த மரபின்மேல் எனக்கு அளவில்லாத மதிப்பு. அதை மாற்றச் சொல்ல நான் வரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இங்கிருந்து உத்திரமேரூர் வழியாகப் போனால் சுமார் 50 கிலோமீட்டரில் வேடந்தாங்கல். 2019இல் மாவட்டம் பிரிந்தபிறகு அது செங்கல்பட்டுக் கணக்கில் போய்விட்டது. அதற்கு முன் நம் காஞ்சிபுரம் மாவட்டம்தான். நத்தை குத்தி நாரை, சங்குவளை நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம் என்று நல்ல மழை பெய்த ஆண்டில் பல ஆயிரம் பறவைகள் அந்த ஏரியின் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் பல தலைமுறையாக அவற்றைக் காக்கிறார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். அதே பிளேஸ்தான் காஞ்சி வரதர் கோயில் திருவிழாக்களிலும் ஈடுபாடு காட்டியவர் என்பதைச் சரித்திரம் படித்தவர்கள் அறிவீர்கள். 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. வழியில் இருக்கும் உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலக் கல்வெட்டு ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகிறது. ஏரியைக் காக்க ஆட்களைத் தேர்ந்தெடுத்த மண் இது.

இவ்வளவு இருந்தும், எனக்குத் தெரிந்தவரை நம் பழைய கரைப் பெயர்களில் இந்த நாரைகளுக்கு இடமில்லை.

ஒரே ஒரு பறவையை எடுத்துக்கொள்கிறேன். நத்தை குத்தி நாரை. சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, பளபளக்கும் கறுப்புச் சிறகு. அலகை மூடினாலும் மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவில் ஒரு சந்து தெரியும். அந்தச் சந்து வழியாக அடுத்த பக்கத்து வெளிச்சம் தெரியும். குஞ்சுக்கு அது இருக்காது, வளர வளரத்தான் உண்டாகும். ஏரியிலும் வயலிலும் இருக்கும் பெரிய நத்தைதான் அதற்கு முக்கிய உணவு.

இந்தப் பறவையைப் புட்டாவாகப் போட வேண்டும் என்று வையுங்கள். டிசைன் போடுகிறவர் கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைவார், அல்லது கம்ப்யூட்டரில் போடுவார். அதைப் பார்த்து அட்டை அடிப்பார்கள். ஒரு கட்டம் மாறினால் ஒரு இழை மாறும். அந்த அலகுச் சந்துக்குச் சில கட்டங்களை வெறுமையாக விட வேண்டும். பார்க்க ஏதோ பிசகு போலத் தோன்றும். அழகுக்காக டிசைனர் அந்தச் சந்தை ஜரிகையால் நிரப்பிவிட்டால், அங்கே இருப்பது நத்தை குத்தி நாரை கிடையாது. பெயரில்லாத ஏதோ ஒரு கொக்கு. அந்த நேரத்தில் கிராப் தாளுக்குப் பக்கத்தில் பறவையியல் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். “ஐயா, அந்தக் கட்டங்களை அப்படியே விட்டுவிடுங்கள், அதுதான் இந்தப் பறவை” என்று அவர் சொல்ல வேண்டும். அதே சமயம், “இவ்வளவு சின்ன புட்டாவில் சந்து நிற்காது, முந்தியில் பெரிசாகப் போடுவோம்” என்று டிசைனர் சொன்னால் அந்த அறிவியலாளர் கேட்டுக்கொள்ள வேண்டும். பட்டு இழையின் கணக்கு அவருக்குத் தெரியாது. நெசவாளருக்குத் தெரியும்.

சங்குவளை நாரை வந்தால் வேறு கேள்வி. அதன் வால்பக்கத்துச் சிறகில் ஒரு இளஞ்சிவப்பு உண்டு. மரக்கிளையில் கூட்டமாக நிற்கும்போது அந்த நிறம்தான் முதலில் கண்ணில் படும். அந்த நிறத்தை எந்தச் சாயத்தில் கொண்டுவருவது, உடலுக்கு என்ன நிறம் கொடுத்தால் அது எடுபடும் என்று சொல்ல ஒரு சாயப் பட்டறைக்காரர் வேண்டும். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா என்று மூன்று நாடா ஓட்டிக் கோர்வை போடுகிற கைக்கு இது முடியாத வேலையா?

பட்டுக்காகப் புழுவைக் கொதிக்க வைக்கிற தொழில் உயிர்களைக் காக்கப் பேசலாமா என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, அதை மறைக்க மாட்டேன். வளர்ப்புப் புழுவின் கதை வேறு, காட்டுப் பறவையின் இனம் அழிவது வேறு என்று நான் நினைக்கிறேன். அதைவிட அவசரமாக நான் கேட்பது சாயத் தண்ணீரைப் பற்றி. நாரையைச் சேலையில் நெய்துவிட்டு, சாயக் கழிவை வேகவதியில் விட்டால் அந்தச் சேலைக்கு என்ன மதிப்பு? ஆறும் ஏரியும் கெட்டால் நத்தை இருக்காது, நத்தை இல்லாத இடத்துக்கு நாரை வராது. நாரைச் சேலைக்குச் சாயம் போடும் பட்டறை கழிவுநீரைச் சுத்திகரிக்கிறதா என்று வாங்குகிறவர் கேட்க வேண்டும். கேட்க வைப்பது அறிவியலாளரின் பொறுப்பு.

கூலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் ஊருக்குப் பெயர் கிடைத்தது. சேலையை நெய்தவர் பெயர் எத்தனை சேலையில் இருக்கிறது? கூடலூர் யானைகளைச் செய்த பழங்குடிகளின் பெயரைச் சொல்லித்தான் அந்தக் கண்காட்சி உலகம் சுற்றியது. ரங்கையாவும் கோவிந்துவும் வைட்டின் நூலால் இன்றும் நினைக்கப்படுகிறார்கள். நாரைச் சேலை ஒன்று நெய்தால், நெய்தவர், டிசைன் போட்டவர், பறவையைப் பார்த்துச் சொன்னவர் மூவர் பெயரும் ஒரு சிறு அட்டையில் சேலையோடு போக வேண்டும். கூடவே இந்தப் பறவை எது, எங்கே எந்த மாதத்தில் பார்க்கலாம் என்று நான்கு வரி. கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வருகிற குடும்பம் அதைப் படிக்கும். புதிய டிசைனைப் பழகுவதற்கு நெசவாளர் செலவிடும் நாட்களுக்குத் தனியாகக் கூலி கொடுக்க வேண்டும். அது இல்லாமல் அவரிடம் இதைக் கேட்க யாருக்கும் உரிமை கிடையாது.

அக்டோபர் முதல் வாரம் வனவுயிர் வாரம் வரும். பள்ளிகளில் ஓவியப் போட்டி நடக்கும், சான்றிதழ் கொடுப்பார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் புலியை வரைவார்கள். புலியைப் பற்றி அவர்கள் தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் தங்கள் மாவட்டத்து ஏரியில் கூடு கட்டும் பறவையை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட்டு வந்து வரைந்தால் அந்தப் பிள்ளையின் கண் வேறு மாதிரித் திறக்கும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குக் கிராப் தாள் பழக்கம். முதல் நாரை டிசைன் அந்தப் பிள்ளையின் கையிலிருந்தே வரலாம்.

கூட்டுறவுச் சங்கங்களின் பொறுப்பாளர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஒவ்வொரு சங்கமும் இந்த ஆண்டில் ஒரே ஒரு தறியை இதற்கு ஒதுக்குங்கள். கல்லூரிகளின் விலங்கியல் துறைப் பேராசிரியர்களே, உங்கள் மாணவர் ஒருவரை அந்தத் தறிக்குப் பக்கத்தில் அனுப்பிவையுங்கள், நெசவாளர் கேட்கும் கேள்விக்கு அவர் பதில் சொல்லட்டும். நெசவாளப் பெருமக்களே, நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கலில் பறவை இருக்கும். குடும்பத்தோடு ஒருநாள் போய்வாருங்கள். கரையில் நின்று பாருங்கள். பிறகு உங்கள் டிசைனரிடம் பேசுங்கள்.